சி.சுப்பிரமணியமும் மானாவாரிச் சீமையும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசியில் மேகம் கறுத்தால் விதைப்பு, பொய்த்தால் கடன். இங்குள்ள மானாவாரி விவசாயிக்கும் பசுமைப் புரட்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தொடர்பு உண்டு, பாக்கியும் உண்டு.

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் 1910ல் பிறந்தவர் சி.சுப்பிரமணியம். 1964ல் மத்திய உணவு அமைச்சரானார். அப்போது நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து நின்றது. 1965-66ல் மழை பொய்க்க, சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு உற்பத்தி 7.2 கோடி டன்னாகச் சரிந்தது.

விவசாயிக்குக் கட்டுபடியாகும் விலை, விஞ்ஞானம், நல்ல விதை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் மகசூல் பெருகும் என்பது சி.எஸ். கண்ட வழி. 1965ல் இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் குழுவும் அமைந்தன. உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில்தான். விவசாய ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் முதன்முறையாக ஒரு விஞ்ஞானி அமர்த்தப்பட்டார். 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வந்தது. 1964-65ல் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1970-71ல் 2.4 கோடி டன்னை நெருங்கியது. இதற்கிடையே 1967 தேர்தலில் சி.எஸ். தோற்றார், அவர் தொடங்கிவைத்த வேலை நிற்கவில்லை. 1998ல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 2000ல் மறைந்தார்.

ஆனால் வீரிய ரகங்கள் தண்ணீரும் உரமும் கேட்பவை. பம்புசெட்டும் கால்வாயும் உள்ள ஊர்களுக்கே முதற்பலன் போயிற்று. கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் ரேஷன் அரிசிதான். பஞ்ச காலத்தில் அது பசியைத் தடுத்தது, அதை மறுப்பதற்கில்லை. அதே அரிசி உலையில் ஏறியதும், உமி நீக்கக் கஷ்டமான குதிரைவாலியும் வரகும் அடுப்பை விட்டு இறங்கின.

விலையிலும் இதே கதை. மத்திய அரசின் ஆதரவு விலைப் பட்டியலில் சோளம், கம்பு, பருத்தி, உளுந்து, பாசிப்பயறு உண்டு. 2024-25ல் கம்புக்குக் குவிண்டாலுக்கு ரூ.2,625 அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டுப் பட்டியலில் குதிரைவாலி இல்லை, வரகு இல்லை, இந்தச் சீமையின் மிளகாயும் மல்லியும் இல்லை. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகும் நிலை இதுதான். விலைக்கு உறுதி இருந்தால்தான் விவசாயி துணிந்து செலவு செய்வான் என்பது சி.எஸ். வகுத்த பாடம். அந்தப் பாடம் நெல்லுக்கும் கோதுமைக்கும் மட்டும் உரியதல்ல.

விஞ்ஞானத்தில் மட்டும் கரிசல் முற்றிலும் கைவிடப்படவில்லை. கோவில்பட்டி, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையங்கள் மானாவாரிப் பயிர்களுக்காக உழைத்து வருகின்றன. அவற்றின் வழிமுறைகள் அதிகச் செலவு வைப்பவை அல்ல:

கோடை மழையில் சரிவுக்குக் குறுக்கே உழுது ஈரத்தைச் சேமிக்க வேண்டும். சோள விதையை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கும். பருத்தியில் உளுந்தை ஊடுபயிராக இட்டால் ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும். பண்ணைக்குட்டை வெட்டினால், பூக்கும் தருணத்தில் ஓர் உயிர்த் தண்ணீர் கிடைக்கும்.

விதையும் உழைப்பும் விவசாயி பொறுப்பு. விலை அரசின் பொறுப்பு. வீரசோழன் சீமை விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, குதிரைவாலிக்கும் வரகுக்கும் ஆதரவு விலை கேட்பது சலுகை கேட்பதாகாது. 1965ல் தொடங்கிய கணக்கில் இன்னும் நிற்கும் பாக்கியைக் கேட்பதேயாகும்.