சிறுநீரகம் போன நாய்க்கு எப்போது விடை கொடுப்பது?

வயதான உங்கள் நாய்க்குச் சிறுநீரகம் போய்விட்டது, இனி சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டு அனுப்பிவிடுவது பற்றி வீட்டில் கலந்து பேசச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. எதை வைத்து முடிவெடுப்பது என்பதுதான் உங்கள் தவிப்பு.

உண்மையிலேயே சரியாகாதா? முதலில் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "இது திடீரென்று வந்ததா, நாள்பட்டதா?" எலிக்காய்ச்சல் மாதிரியான தொற்றால் திடீரென்று வந்த பழுது சிகிச்சையில் மீள வாய்ப்புண்டு. நாள்பட்ட பழுது மீளாது. அறிகுறி வெளியே தெரியும்போதே சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேலை நின்றிருக்கும்.

ரிப்போர்ட்டைப் பார்த்தே முடிவெடுக்கலாமா? கூடாது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மில்லிகிராமைத் தாண்டினால் நாள்பட்ட நோயின் கடைசிக் கட்டம் என்பார்கள். அந்த அளவிலும் தோலுக்கடியில் சலைன் ஏற்றிக்கொண்டு, சாப்பிட்டு, வாசலில் வெயில் காயும் நாய்கள் உண்டு. அதைவிடக் குறைந்த அளவிலேயே துவண்டுபோகும் நாய்களும் உண்டு.

அது கத்தவில்லையே, வலி இல்லைதானே? இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். நாய் வலியைப் பெரும்பாலும் வெளியே காட்டாது. இந்த நோயில் வலியைவிடக் குமட்டல்தான் பெரிய வதை. சாப்பாட்டுத் தட்டு சத்தம் கேட்டு எழுந்து வரும். குனிந்து முகர்ந்து பார்க்கும். உதட்டை இரண்டு மூன்று முறை நக்கிவிட்டு, எச்சில் வழிய முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசி இருக்கிறது, வயிறு புரட்டுகிறது என்று அர்த்தம். வாயைத் திறந்து பாருங்கள். ஈறிலும் நாக்கோரத்திலும் புண் இருக்கலாம், மூச்சில் கெட்ட வாடை அடிக்கலாம். இரவில் படுக்க முடியாமல் இடம் மாறிக்கொண்டே இருப்பதும், தொட்டால் ஒதுங்குவதும் கவனிக்க வேண்டியவை.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள். குமட்டலுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

சரி, எப்படிக் கணக்குப் பார்ப்பது? பால் கணக்கு எழுதும் காலண்டர் போதும். உங்கள் நாய்க்கு ரொம்பப் பிடித்த மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: தயிர்சாதம், தெருமுனை வரை நடை, கேட் திறந்ததும் ஓடி வருவது. அன்று அவற்றில் இரண்டையாவது செய்ததென்றால் நல்ல நாள், இல்லையென்றால் கெட்ட நாள். நினைவை நம்பாதீர்கள். ஒரு நல்ல மாலைப்பொழுது, அதற்கு முந்தைய நான்கு கெட்ட நாட்களை மறக்கடித்துவிடும்.

இன்னும் விரிவாக வேண்டுமானால், அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த மதிப்பெண் முறை இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், நல்ல நாட்களின் எண்ணிக்கை என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். 70க்கு 35ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் கணக்கு. வீட்டிலுள்ளவர்கள் தனித்தனியே போட்டுப் பாருங்கள். பேச்சைத் தொடங்கவே அது உதவும்.

இன்னும் வாலை ஆட்டுகிறதே? ஆட்டும். உங்களைப் பார்த்தால், எவ்வளவு முடியாத நிலையிலும் ஆட்டும். அதை மட்டும் வைத்துத் தள்ளிப்போட வேண்டாம்.

தானாகவே போகட்டுமே என்கிறீர்களா? தூக்கத்திலேயே அமைதியாகப் போவது இந்த நோயில் அபூர்வம். விடாத வாந்தி, வலிப்பு என்று கடைசிக் கட்டம் நாட்கணக்கில் இழுக்கலாம். மருந்து கொடுத்தும் கெட்ட நாட்களே அதிகமாகிவிட்டால், காத்திருக்காமல் நாள் குறிப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். நடு ராத்திரியில் வலிப்பு வந்தால் நம் ஊர்கள் பலவற்றில் டாக்டர் கிடைக்க மாட்டார். பகலில், பழகிய டாக்டர் வீட்டுக்கே வர முடிந்த நேரமாகப் பாருங்கள்.

பாவம் இல்லையா? உயிரை எடுப்பது நோய்தான். நீங்கள் சுருக்குவது வதையை. ஆனாலும் வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்பாமல் போகலாம். அப்படியானால் கடைசி வரை குமட்டலுக்கும் வலிக்கும் மருந்து நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம் என்று மூலையில் விட்டுவிடுவதுதான் கொடுமை.

என்ன செய்வார்கள்? முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் அது தூங்கிவிடும். பிறகு, மயக்க மருந்தை மிக அதிக அளவில் ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தே இருக்கும், சிறுநீர் போகலாம், ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலவும் தெரியலாம். அப்போது அதற்கு நினைவு இருக்காது. "முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?" என்று முன்கூட்டியே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். முடிந்தால் தூங்கும் வரையிலாவது பக்கத்தில் இருங்கள். பழகிய கையும் குரலும் அதன் பயத்தைக் குறைக்கும்.

குழந்தைகளிடம் என்ன சொல்வது? செத்துப்போய்விட்டது என்றே சொல்லுங்கள். ஓடிப்போய்விட்டது என்றால் குழந்தை தெருத்தெருவாகத் தேடும். தூங்குகிறது என்றால் தான் தூங்கவே பயப்படும்.

உடலை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், அல்லது தகன வசதி இருக்கிறதா என்று மாநகராட்சியிலோ விலங்கு நல அமைப்பிலோ விசாரியுங்கள். குப்பைமேட்டில் போடவே கூடாது. ஏற்றிய மருந்து உடலில் அப்படியே இருக்கும், அதைத் தின்னும் காக்கையும் தெருநாயும் சாகலாம்.

வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் புதைப்பதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்க்க விடுங்கள். சில நாள் சாப்பாடு குறையலாம், வாசலிலேயே படுத்துக் கிடக்கலாம். இரண்டு நாளாகியும் எதுவுமே தொடவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.