பரிசுக்குப் போகும் படம்

இன்டர்நெட் வழியே நடக்கும் பத்திரிகைப் புகைப்படப் போட்டிகளில் கலந்துகொள்வது சுலபம். ஆனால் படம் உண்மைதான் என்று நிரூபிக்க வேண்டும். படத்தில் இருப்பவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

பணம் கட்ட வேண்டியதில்லை. பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, தபாலில் அனுப்பும் தொல்லையும் இல்லை. கடைசித் தேதிக்கு முந்தைய இரவில்கூட ஒரு சிறு நகரத்துப் பத்திரிகைப் புகைப்படக்காரர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, தன் படங்களை ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பிவிடலாம். 1955ல் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டிக்கு 2024ல் வந்து குவிந்தவை 61,062 படங்கள். அனுப்பியவர்கள் 130 நாடுகளைச் சேர்ந்த 3,851 பேர். உலகை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, முதலில் வட்டார நடுவர்கள் சலிக்கிறார்கள். பின்னர்தான் உலக நடுவர் குழு. படம் யாருடையது என்பது நடுவர்களுக்குத் தெரியாது. வட்டார வெற்றியாளருக்கு அந்த ஆண்டு கிடைத்தது 1,000 யூரோ. தொகை பெரிதல்ல, கிடைக்கும் பெயர்தான் பெரிது.

அந்தப் பெயர் இந்தியர்களுக்கும் கிடைத்திருக்கிறது. போபால் விஷவாயு பலிகொண்ட குழந்தையை மண்ணில் புதைக்கும் காட்சியைப் படமெடுத்த பாப்லோ பார்த்தலோமியோவுக்கு 1984ன் சிறந்த படத்துக்கான பரிசு கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2004 டிசம்பர் 28 அன்று, சுனாமி புரட்டிப் போட்ட கடலூரில் ராய்ட்டர் புகைப்படக்காரர் ஆர்கோ தத்தா எடுத்த படம் அதே பரிசைப் பெற்றது: மணலில் குப்புற விழுந்து கதறும் பெண், படத்தின் ஓரத்தில் இறந்த உறவினரின் கை மட்டும். 2022ல் மனிதருக்கும் புலிக்கும் இடையிலான மோதலை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த செந்தில் குமரனின் தொடர் ஆசிய வட்டாரத்தில் பரிசு வென்றது.

போட்டியின் முகமும் மாறியிருக்கிறது. ஒற்றைப் படம் மட்டுமே போதும் என்ற காலம் போய்விட்டது. படம், வீடியோ, ஒலி, எழுத்து எல்லாம் கலந்து இணையத்தில் சொல்லப்படும் கதைகளுக்கென்று 2011ல் தனிப் போட்டி தொடங்கியது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சிறைச்சாலைகளை நம்பியே பிழைக்கும் ஒரு ஊரைப் பற்றிய 'பிரிசன் வேலி' என்ற இணைய ஆவணப்படம் முதல் ஆண்டிலேயே பரிசு பெற்றது. பார்ப்பவரே பாதையைத் தேர்ந்து ஊருக்குள் நுழையும் வகையில் அமைந்த படைப்பு அது.

மூலம் எங்கே?

சுலபமான பகுதி இத்துடன் முடிகிறது. படம் மேல் சுற்றுகளுக்குப் போனதும் கேள்வி வருகிறது: கேமராவில் பதிவான மூலக் கோப்பு எங்கே? நிபுணர்கள் அனுப்பிய படத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். வெளிச்சத்தையும் வண்ணத்தையும் ஓரளவு சரிசெய்யலாம். ஓரத்தை வெட்டலாம். இல்லாததைச் சேர்ப்பதோ, இருப்பதை அழிப்பதோ கூடாது. அழித்தது எவ்வளவு சிறியது என்பது முக்கியமல்ல. 2010ல் உக்ரைன் புகைப்படக்காரர் ஸ்டெபான் ருடிக் பரிசை இழந்தது, படத்தின் பின்னணியில் தெரிந்த ஒரு பாதத்தின் நுனியை நீக்கியதற்காக.

அவர் மட்டுமல்ல. 2015ல் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டியவற்றில் சுமார் 20 சதவீதம் இதே சோதனையில் விழுந்தன. அதே ஆண்டு இன்னொரு அதிர்ச்சி. பெல்ஜியத்தின் ஷார்லரோவா நகரைப் பற்றிய தொடருக்காக இத்தாலியரான ஜொவானி ட்ரொய்லோ வாங்கிய முதல் பரிசு திரும்பப் பெறப்பட்டது. படங்களில் ஒன்று எடுக்கப்பட்டது ஷார்லரோவாவில் அல்ல, பிரஸ்ஸல்ஸில். படத்தில் ஒட்டுவேலை இருந்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. படக்குறிப்பில் இருந்த ஊர்ப் பெயர்தான் பொய். பத்திரிகைப் புகைப்படத்தில் குறிப்பும் படத்தின் பகுதியே என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தார்கள்.

இப்போது கேமராவே இல்லாமல் படம் பிறக்கிறது. 2023 ஏப்ரலில் சோனி உலகப் புகைப்படப் போட்டியின் ஒரு பிரிவில் ஜெர்மானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சன் வென்றார். பரிசை வாங்க மறுத்துவிட்டு, அது செயற்கை நுண்ணறிவு செய்த படம் என்று அறிவித்தார். போட்டிகள் இதற்குத் தயாராக இருக்கின்றனவா என்று பார்க்கவே அனுப்பியதாகச் சொன்னார். தயாராக இல்லை என்பது தெரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் வேர்ல்ட் பிரஸ் போட்டோவும் தடுமாறியது. தன் போட்டியின் ஒரு பிரிவில் இத்தகைய படங்களை ஏற்கலாம் என்று முதலில் விதி வகுத்தது. புகைப்படக்காரர்கள் கொதித்ததும் பின்வாங்கியது.

அவரைக் கேட்டார்களா?

கோப்பைச் சோதிக்கக் கருவி உண்டு, நிபுணர் உண்டு. படத்தில் இருக்கும் மனிதருக்கு என்ன ஆயிற்று என்று சோதிக்க யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை உரக்க எழுப்பிய இரண்டு சம்பவங்களும் இந்தியாவில் எடுத்த படங்களால் வந்தவை.

2017ல் 'லென்ஸ்கல்ச்சர்' என்ற புகைப்பட இணைய அமைப்பு, மேக்னம் நிறுவனத்துடன் சேர்ந்து நடத்திய போட்டிக்கு பேஸ்புக்கில் விளம்பரம் செய்தது. அதற்குத் தேர்ந்தெடுத்த படம்: கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் கொடுமைக்கு ஆளாகும் 16 வயதுப் பெண். அவள் முகம் தெரிந்தது. கண்டனம் கிளம்பியதும் படம் நீக்கப்பட்டது. எடுத்தவர் சௌவித் தத்தா. அடுத்த சில நாட்களில் அவருடைய மற்றொரு படமும் சிக்கியது. மேரி எலன் மார்க் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் பம்பாய் ஃபாக்லண்ட் ரோடில் 1970களில் எடுத்த படத்திலிருந்து ஒரு உருவத்தை வெட்டித் தன் படத்தில் ஒட்டியிருந்தார். அவரே ஒப்புக்கொண்டார். ஒட்டுவேலை அவர் பெயரைக் கெடுத்தது. முகம் தெரிந்த படம் அந்தப் பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடியது. இரண்டில் எது பெரிய குற்றம்?

மறு ஆண்டு, வேர்ல்ட் பிரஸ் போட்டோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இத்தாலியர் அலெசியோ மாமோவின் படங்கள் வெளியாயின. உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைக் கிராமத்தவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே மேஜை நிறையப் போலி உணவு. விரும்பிய சாப்பாட்டைக் கனவு காணச் சொல்லி எடுத்தாராம். பசித்தவர் முன் பிளாஸ்டிக் விருந்து வைத்த இந்தக் கற்பனை உலகம் முழுவதும் கோபத்தைக் கிளப்பியது. மாமோ மன்னிப்புக் கேட்டார். அவர் படங்களில் கணினி வேலை ஏதும் இல்லை. மூலக் கோப்பைக் கேட்டிருந்தால் தாராளமாகக் கொடுத்திருப்பார்.

இந்தியப் புகைப்படக்காரருக்கு இது மனசாட்சி விவகாரம் மட்டுமல்ல, சட்ட விவகாரமும்கூட. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் படத்தை வெளியிடுவதை 2012ன் போக்சோ சட்டம் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். வெளிநாட்டுப் போட்டிக்குத்தானே அனுப்பினேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. இணையத்தில் ஏறிய படம் ஆம்ஸ்டர்டாமில் நிற்பதில்லை. மறுநாளே அந்தத் தெருவின் செல்போன்களுக்கு வந்து சேர்கிறது.

ஆகவே அனுப்புமுன் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. மூலக் கோப்பையும், அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். யார், எங்கே, என்றைக்கு என்பதைப் படமெடுத்த அன்றே குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதும் குறிப்பில்தான் ஊர் மாறுகிறது. மிக முக்கியமாக, படத்தில் இருப்பவரிடம் இது எங்கெல்லாம் போகும் என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால், தொடரின் மிகச் சிறந்த படமே ஆனாலும் எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை எந்தப் போட்டியும் முழுமையாகக் கண்காணிக்க முடியாது. அனுப்புபவர்தான் நடுவர்.

அந்த நடுவர் எப்படி இருக்கலாம் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 2022ல் தயானிதா சிங்கும் பாரி என்ற கிராமப்புற இந்திய இணைய இதழும் சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர் மதுரைக்காரரான எம். பழனி குமார். சாக்கடையில் இறங்கும் தூய்மைத் தொழிலாளர்களையும், கடற்பாசி எடுக்கும் பெண்களையும் படமெடுத்தவர். அவர் படமெடுப்பதோடு நின்றுவிடவில்லை. தூய்மைத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் புகைப்படக் கலையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார். இதுவரை கேமராவுக்கு முன்னால் மட்டுமே நின்றவர்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களில் ஒருவர் நாளை தன் தெருவைத் தானே படமெடுத்துப் போட்டிக்கு அனுப்பினால், நடுவர்கள் மூலக் கோப்பைக் கேட்கட்டும். தெருவிடம் அனுமதி வாங்கினாயா என்று கேட்க அந்தத் தெருவே இருக்கும்.