ஏகாந்தமும் தனிமைச் சிறையும்

தனியே இருக்கப் பிரியப்படுகிறவனுக்குத் தனிமைச் சிறை ஒரு தண்டனையே அல்ல என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். கூட்டத்தில் குதூகலமாயிருப்பவனுக்கே அது நரகமாம். சங்கோஜ சுபாவமுள்ளவனுக்கு ஆசிரமமாம். இக்கூற்றில் பாதி உண்மையுண்டு. மற்றப் பாதி அபாயகரமானது.

மனிதரை உள்நோக்குச் சுபாவத்தினர், வெளிநோக்குச் சுபாவத்தினர் என வகுத்துக் காட்டியவர் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து மனோதத்துவ சாஸ்திரி கார்ல் யுங். அவருடைய நூல் வெளிவந்தது 1921-ல். முன்னவருக்குத் தனிமை ஓய்வு. பின்னவருக்கு ஜன சகவாசமே ஊக்கம். இம்மட்டில் நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தானே நாடிச் சென்ற ஏகாந்தம் வேறு; பிறர் பூட்டிய பூட்டு வேறு.

ஸ்ரீ அரவிந்தர் 1908 மே மாதத்தில் கைதாகி, அலிப்பூர்ச் சிறையில் ஒன்பதடி நீளமும் ஐந்தாறடி அகலமுமுள்ள அறையில் தனியே அடைக்கப்பட்டார். இயல்பிலேயே மிதபாஷி, யோகாப்பியாசத்தில் முன்னமே இறங்கியவர். அப்படிப்பட்டவரும், ஆரம்ப நாட்களில் தம் சித்தம் கலங்கியதையும், புத்தி பேதலித்துவிடுமோ என்று அஞ்சியதையும் வங்காளியில் எழுதிய சிறை நினைவுகளில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். அமைதி பிற்பாடுதான் கைகூடிற்று. அதே மனிதர் 1926 நவம்பர் முதல் 1950-ல் மறையும் வரையில் புதுச்சேரியில் ஒதுங்கியே வாழ்ந்தார். அது அவர் தாமே வரித்துக்கொண்டது. சுபாவம் ஒன்றே, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருந்தது என்பதே வித்தியாசம்.

ஜனங்களின் நடுவே நின்று ஊழியம் செய்பவரின் கஷ்டமோ சிறையோடு முடிவதில்லை. ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908-ல் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்தியவர். கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் நான்கு வருஷங்களுக்கு மேல் கழித்து 1912 டிசம்பரில் வெளிவந்தபோது அவரை வரவேற்க ஜனத்திரள் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது, கம்பெனியும் அழிந்திருந்தது. அவர் செக்கிழுத்த கதையை ஆயிரம் மேடைகளில் பேசியாயிற்று. விடுதலைக்குப் பின் அவருக்கு நேர்ந்த நிராதரவைப் பற்றி நாம் பேசுவது அரிது. அந்த நிராதரவுக்குச் சர்க்காரை மட்டும் குறைகூற முடியாதல்லவா?

பழங்கதை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு தன் 73, 74-வது பிரிவுகளில் தனிமைச் சிறைக்கு இடங்கொடுத்தது. அன்னிய ஆட்சி போயிற்று. அந்தக் கோடும் போயிற்று. 2024 ஜூலை 1 முதல் அமுலிலிருக்கும் பாரதிய நியாய சங்கிதையில் அதே தண்டனை 11, 12-வது பிரிவுகளாகக் குடியேறியிருக்கிறது! ஒரு தடவைக்கு 14 நாளும், மொத்தத்தில் 3 மாதமும் மிகலாகாது என்ற வரம்பு உண்டு. ஆனால் சட்டம் கைதியின் சுபாவத்தை விசாரிப்பதில்லை. ஒருவன் மூன்றாம் நாளே குலையலாம். மற்றொருவன் வாய் திறவாமல் உள்ளுக்குள்ளே இற்றுப் போகலாம். முந்தியவனைக் கோழை என்பதும், பிந்தியவனைத் தீரன் என்று கும்பிட்டு மறந்துவிடுவதும் நமது தொண்டர்களிடையே காணும் வழக்கம். இரண்டும் அநியாயமே.

இவ்விரு பிரிவுகளும் சட்டத்திலிருந்து அறவே நீக்கப்பட வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அதுவரையில், “அவர் தனிமை விரும்பி, போய்ப் பார்ப்பானேன்?” என்றிருக்கும் காரியக் கமிட்டிகள் அடுத்த பேட்டி நாளுக்கு யாரையாவது சிறைவாயிலுக்கு அனுப்பி வைக்கட்டும்.