உங்க ஹாண்டிகேப் எவ்வளவு சார்?

பெரியபட்டினம் கடற்கரை மணலில் பந்து உதைத்து வளர்ந்தவர் நீங்கள். இப்போது டவுனில் உத்தியோகம். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "எல்லாரும் கொடைக்கானல் போறோம். அங்கே 1895-லேர்ந்து கோல்ஃப் கிளப் இருக்கு, ஒரு கை பார்க்கலாம். உன் ஹாண்டிகேப் எவ்வளவுப்பா?" என்கிறார்.

"ஒண்ணுமில்லை சார்" என்று பவ்யமாகச் சொல்லிவிடாதீர்கள்! கோல்ஃபில் ஹாண்டிகேப் சைபர் என்றால் மகா கில்லாடி என்று அர்த்தம்!

சின்ன வயசில் ஓட்டப்பந்தயம் வைத்தால் பொடியனைப் பத்தடி முன்னால் நிறுத்துவோமே, அந்த சமாசாரம்தான் இது. 18 குழிகளையும் இத்தனை அடியில் முடிக்கணும் என்று ஒரு கணக்கு உண்டு, பெயர் 'பார்'. பெரும்பாலும் 72. நன்றாக ஆடும் நாளில் அதைவிட எத்தனை அடி கூடுதலாக அடிப்பீர்களோ, ஏறத்தாழ அதுதான் உங்கள் ஹாண்டிகேப்.

2020-ல் வந்த உலகப் பொது முறைப்படி, புதுசாகச் சேர்ந்தவருக்கு 18 குழி ஆட்டம் மூன்று ஆடிய கார்டு போதும். கூட ஆடியவர் கையெழுத்து முக்கியம். பந்தைத் தேடித் தேடி ஒரே குழியில் 14 அடி அடித்தாலும் கவலை வேண்டாம். அந்தக் குழியின் பாருக்கு மேல் 5 வரைதான் ஏறும்.

118, 115, 112 அடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மைதானத்தின் 'ரேட்டிங்' 72, கஷ்டத்தைச் சொல்லும் 'ஸ்லோப்' நடுத்தரமான 113. வித்தியாசம் 46, 43, 40. இருப்பதில் சின்னது 40; அதில் 2 கழித்தால் 38. உச்சவரம்பு 54. கார்டு 20 சேர்ந்ததும், சிறந்த எட்டின் சராசரி.

மேனேஜரின் ஹாண்டிகேப் 10. அவர் 84 அடித்தால் கழித்து 74. நீங்கள் 111 அடித்தாலும் கழித்து 73. ஜெயித்தது நீங்கள்!

ஒரே ஒரு விஷயம். புதருக்குள் அம்பயர் நிற்பதில்லை, எண்ணுவது நீங்கள்தான். கௌரவத்துக்காகக் குறைத்து எழுதினால், வராத ஆட்டத்தை ஆட வேண்டி வந்து எல்லாரிடமும் தோற்பீர்கள். பரிசுக்காகக் கூட்டி எழுதினால், கப் கிடைக்கும்... மறுபடி கூட ஆட ஆள் கிடைக்காது.

அதனால் தைரியமாகச் சொல்லுங்க, "முப்பத்தெட்டு சார்!" ஜெயிச்சதை மட்டும், இன்க்ரிமென்ட் வரும்வரை ஆபீஸில் மூச்சு விடாதீங்க!