வாசலுக்குத் தாழ்ப்பாள் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. துறைமுகத்தில் இரவு வேலைக்குப் போன அப்பா இன்னும் வீடு திரும்பவில்லை. அம்மா நாலரை மணிக்கே இட்லிப் பானையை ஏற்றிவிட்டாள். பெண் ஹால் டிக்கெட்டையும் கறுப்புப் பேனாவையும் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டு தடவை சரி பார்க்கிறாள். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. குரூப் 4 பரீட்சை!

பத்தாவது தேறியிருந்தால் போதும். பெரிய இடத்து மாமா வேண்டாம், சிபாரிசுக் கடிதம் வேண்டாம். அந்த நம்பிக்கையில்தான் 2022 ஜூலை 24-ந் தேதி, அறிவித்திருந்த 7,301 இடங்களுக்குப் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள்.

பரீட்சை நடத்தும் சர்வீஸ் கமிஷன் நமக்கு அடுத்த வீடு மாதிரிதான். பாரிமுனைக்குப் பக்கத்தில், பார்க் டவுனில் இருக்கிறது. 1929-ல் சென்னை ராஜதானி தனிச் சட்டம் போட்டு ஏற்படுத்திய ஸ்தாபனம். மாகாணங்களில் இதுவே முதலாவது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் 2019 செப்டம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் சிலர் தானாக மறைந்துபோகும் மையால் விடை குறித்தார்களாம்! விடைத்தாள்கள் சென்னைக்கு வரும் வழியில் சரியான விடைகள் ஏறிக்கொண்டன. 2020 ஜனவரியில் 99 பேருக்குக் கமிஷன் ஆயுள் தடை விதித்தது. பிறகுதான், விடை தெரியாவிட்டால் அதைக் குறிக்க ஐந்தாவது வட்டம், கைநாட்டு என்று காவல் பலமாயிற்று.

அது ஊரெல்லாம் பேசிய கதை. அவ்வளவாகப் பேசாத இன்னொரு கதை இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

கமிஷன் உறுப்பினரை மந்திரிகள் மிரட்டக் கூடாது என்று அரசியல் சட்டம் மிகவும் கவலைப்பட்டிருக்கிறது. அவர் தவறு செய்தார் என்றால்கூட, உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன பிறகு ஜனாதிபதிதான் நீக்கலாம். கமிஷனின் செலவு சட்டசபை ஓட்டுக்கே வராது. எல்லாம் சரி. ஆனால் அவர் உள்ளே வருவது எப்படி? உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பத்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். மீதிப் பாதிக்கு? ஒரு தகுதியும் எழுதி வைக்கவில்லை! இளநிலை உதவியாளராக நம் வீட்டுப் பெண் பத்தாவது சான்றிதழைக் காட்ட வேண்டும். அவளைத் தேர்ந்தெடுக்கிறவர் காட்ட வேண்டியது ஏதுமில்லை. கொல்லைக் கதவுக்கு ஏழு பூட்டு. வாசலுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

2016 ஜனவரி 31-ந் தேதி ஒரே மூச்சில் பதினோரு உறுப்பினர்களைத் தமிழக அரசு நியமித்தது. பலர் வக்கீல்கள், அரசாங்கத்துக்காகவே வழக்காடியவர்களும் அவர்களில் உண்டு. எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர் டி.கே.எஸ். இளங்கோவன். நம் வடசென்னைத் தொகுதிக்கு 2009 முதல் 2014 வரை பார்லிமெண்ட் மெம்பராக இருந்தவர். எதிர்க்கட்சிக்காரர் வழக்குப் போடுவது அதிசயமா என்று கேட்பீர்கள். அதிசயமில்லைதான். ஆனால் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுலும் ஆர். மகாதேவனும் கட்சியைப் பார்க்கவில்லை, கோப்பைப் பார்த்தார்கள். வேறு யாரையெல்லாம் பரிசீலித்தார்கள், இவர்களை எப்படிப் பொறுக்கினார்கள் என்பதற்கு உருப்படியான முறையே அதில் தென்படவில்லை. டிசம்பர் 22-ந் தேதி பதினோரு நியமனங்களும் ரத்தாயின! 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அதையே உறுதி செய்து, புதிதாகத் தேர்வு நடத்தச் சொல்லிவிட்டது.

நியமனத்துக்கும் ரத்துக்கும் நடுவே ஏறக்குறைய பதினோரு மாதம். அதற்குள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இந்த வழக்கு விவரம் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்திரிகையில் உறுப்பினர் நியமனச் செய்தி ஒரு மூலையில் நாலு வரிதான் வரும். கேள்வித்தாள் கடினமா, சுலபமா என்ற செய்தி அரைப் பக்கம் வரும். அடுத்த தடவை அந்த நாலு வரி கண்ணில் பட்டால், தொடர்கதைப் பக்கத்தைப் புரட்டுமுன் பெயர்களைப் படித்துவிடுங்கள். இவர்களை யார், எப்படித் தேடினார்கள் என்று உங்கள் சட்டசபை உறுப்பினரிடம் ஒரு கார்டு எழுதிக் கேளுங்கள். கமிஷனின் வருஷாந்தர அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். கமிஷன் சொன்ன யோசனையை அரசாங்கம் தள்ளியிருந்தால் அதற்குக் காரணமும் அதோடு சொல்லியாக வேண்டும். அதையும் கேட்கலாம்.