மறுக்க முடிந்தால்தான் பாதுகாப்பு: சோனாகாச்சி சொல்லும் பால்வினை நோய்த் தடுப்பு

வடக்குக் கொல்கத்தாவில் உள்ள சோனாகாச்சி, ஆசியாவின் பெரிய பாலியல் தொழில் பகுதிகளில் ஒன்று. 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே பால்வினை நோய், எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, ஆணுறையைத் தவறாமல் பயன்படுத்தியவர்கள் 100க்கு 3 பேர் அளவுதான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 80ஐத் தாண்டியது. நடுவில் என்ன நடந்தது என்பது குடும்பம் நடத்துகிற எல்லோருக்கும் தேவையான செய்தி.

ஒருத்தி மட்டும் மறுத்தால்?

அங்கே இருந்த பெண்களுக்கு நோயைப் பற்றிப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் “ஆணுறை போட்டால்தான்” என்று ஒருத்தி சொன்னால், வந்தவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அன்றைய அறை வாடகைக்கும் கந்துவட்டிக்கும் காசு இருக்காது. விடுதியை நடத்தும் வீட்டுக்காரியின் ஏச்சு வேறு. இந்த நிலையில் இருப்பவரிடம் துண்டறிக்கையைக் கொடுத்து என்ன பயன்?

ஜானா அந்தப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கினார். அவர்கள் பையில் ஆணுறையும் கையில் படங்களுமாக வீடு வீடாக ஏறினார்கள். பக்கத்து அறைக்காரியும் மறுக்கும்போதுதான் தன் மறுப்பு செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொருத்தியாக அல்லாமல், வீடு முழுவதையும் சேர்த்துப் பேசினார்கள். 1995இல் துர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற சொந்த அமைப்பும், ஊஷா என்ற கூட்டுறவுச் சங்கமும் உருவாயின. கந்துவட்டிக்காரரை நம்பாமல் கடன் வாங்கவும், கையில் நாலு காசு சேர்க்கவும் வழி பிறந்தது. சேமிப்புக் கணக்கு நோய்த்தடுப்பு மருந்தாக வேலை செய்தது என்று சொன்னால் அது மிகையில்லை. மும்பையில் பாலியல் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை எச்.ஐ.வி. பிடித்த அந்த ஆண்டுகளில், சோனாகாச்சியில் அது 10 சதவீதத்தை ஒட்டியே நின்றது. 2021 மே மாதம் கொரோனாவில் ஜானா இறந்தார். துர்பார் இன்றும் இயங்குகிறது.

கிருமி வரும் வழி

பாதுகாப்பில்லாத உடலுறவுதான் முக்கிய வழி. வாய்வழி, ஆசனவாய் உறவும் இதில் அடங்கும். எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி ஆகியவை ரத்தம் மூலமும், தாயிடமிருந்து குழந்தைக்கும் போகும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கொசுக்கடியாலோ எச்.ஐ.வி. வராது. பிறப்புறுப்பில் வேறு தொற்றால் புண் இருந்தால் எச்.ஐ.வி. நுழைவது இன்னும் எளிது. ஆகவே சின்னப் புண்தானே என்று எதையும் விட்டுவிடக் கூடாது.

வலிக்காத புண்

சிபிலிஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். தொற்றிய ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். வலிக்காது. சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். சரியாகிவிட்டது என்று ஆள் நிம்மதியாகிவிடுவார். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், அதுவும் மறையும். கிருமி மட்டும் உள்ளேயே இருந்து, பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஒரே வேளை பென்சிலின் ஊசி போதும்.

வெட்டை நோயும் கிளமிடியா என்ற தொற்றும் பெண்களிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. கருக்குழாய் அடைபட்டு, குழந்தை இல்லையே என்று மருத்துவமனை வாசலில் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. அறிகுறி தெரிந்தவர்களும் மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வெட்டை நோய்க் கிருமி பல மருந்துகளுக்கு அடங்காமல் போனதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

வீட்டுக்குள்

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதலில் கண்டுபிடித்தார்கள். பின்னாளில் சுனிதி தொடங்கிய மையத்துக்குத் தொற்றோடு வந்த பெண்களில் பெரும்பாலோர், கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். சோனாகாச்சிப் பெண்ணுக்காவது பக்கத்து அறையில் ஒரு தோழி இருந்தாள். கணவரிடம் “ஆணுறை போடுங்க” என்று சொல்ல நினைக்கும் மனைவிக்கு யார் துணை? “என்மேல சந்தேகமா?” என்ற ஒரு கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது. இதைப் பேசத் தொடங்க வேண்டியவர் கணவர்தான்.

என்ன செய்யலாம்

ஆணுறையை ஒவ்வொரு முறையும், தொடக்கம் முதல் முடிவு வரை பயன்படுத்துங்கள். ஹெர்பிஸ், எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றுகளை அது முழுதாகத் தடுக்காது என்றாலும் ஆபத்தை நன்றாகக் குறைக்கும். எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளைகளுக்குப் போட்டால், அந்த வைரஸால் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து பெரும் பாதுகாப்பு. மஞ்சள் காமாலை பி-க்கும் தடுப்பூசி உண்டு.

ஒருவருக்குத் தொற்று இருந்தால் துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் குணமானவருக்கே திரும்ப வரும். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியில் சொல்லவும் கூடாது. நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையின்போதே எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்கிறார்கள். கூட வரும் கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திராமல், அன்றைக்கே தன் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்துவிடலாம்.