பழைய நடனப் பாண்டு இசைத்தட்டுகள்

தூத்துக்குடியிற் கடற்கரையை அடுத்த வீதியொன்றில் நம் நண்பர் ஒருவரின் இல்லம் உண்டு. அவ்வில்லத்து முன்கூடத்தில், மாதா படத்தின் கீழே, சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் பெட்டியொன்று இருக்கின்றது. நண்பருடைய பாட்டனார் தோணி வணிகத்தின் பொருட்டுக் கொழும்புக்குப் போய்வந்தவர். வரும்போதெல்லாம் ஒன்றிரண்டாக அவர் வாங்கிவந்த இசைத்தட்டுகளுள் நாற்பதுக்குக் குறையாதவை இன்றும் அங்கே உள. சென்ற விடுமுறையில் ஒரு மாலை, நாமும் நம் மாணவர் சிலரும் அங்குச் சென்றிருந்தோம். நண்பரின் தந்தையார் ஒரு தட்டை உறையினின்றும் மெல்ல எடுத்து, உள்ளங்கை படாமல் விளிம்பைப் பற்றிப் பெட்டியின்மேல் வைத்து, புதிய ஊசி பொருத்தி, சாவியை முறுக்கினார். முதலில் எண்ணெய்ச் சட்டியிற் கடுகு வெடிப்பது போன்றதோர் ஒலி. பின்னர் அவ்வொலியினூடே சாக்ஸபோன்கள் எழுந்தன. மூன்று நிமிடத்திற் பாட்டு முடிந்தது.

"தாத்தா, இன்னொரு தரம் வையுங்கள்" என்றாள் பேர்த்தி. அவளுக்கு அகவை பன்னிரண்டு.

திரும்பி வரும் வழியில் மாணவர் ஒருவர் நம்மை வினவினார்: "ஐயா, அந்த நடனம் நமக்குத் தெரியாது, அந்தக் காலத்தை நாம் கண்டதில்லை, பாட்டின் மொழியும் பாதிதான் விளங்கிற்று. பின் ஏன் அது மனத்தை விட்டுப் போகமாட்டேன் என்கிறது?" அன்று அவருக்கு நாம் சொன்னது அரைகுறை விடையே. அதனை ஈண்டுச் சற்று விரித்துக் கூற விழைகின்றோம்.

பழைமையின்பாற் கொண்ட ஏக்கமே காரணம் என்பர் பலர். அது முதியோர்க்குப் பொருந்தலாம். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு எந்தப் பழைமையின்மேல் ஏக்கம்? நம் கருத்து வேறு. அத்தட்டுகளின் இனிமைக்குக் காரணம் அவை செய்யப்பட்ட முறையிலேயே அடங்கியிருக்கின்றது. சிறப்பாக, அம்முறை கலைஞர்க்கு இட்ட தளைகளில் அடங்கியிருக்கின்றது.

இசைத்தட்டு எதனாலாயது என்பதை முதலில் நோக்குவோம். அதன் உயிர்ப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிப் பகுதிக் காடுகளிற் பலாசு, இலந்தை முதலிய மரக்கிளைகளை மொய்க்கும் சிறு பூச்சியொன்று தன் உடலினின்றும் சுரந்து மூடிக்கொள்ளும் பிசினே அது. பாரதத்திற் பாண்டவர்க்குக் கட்டிய மாளிகையும் அரக்காலாயது என்று படித்திருக்கின்றோம். அவ்வரக்கை உருக்கி, கற்பொடியும் கரியும் பஞ்சிழையும் கூட்டி, அச்சில் அழுத்தினால் இசைத்தட்டு. நம் கடலிற் சிப்பி தன் சுரப்பால் முத்தைச் செய்கின்றது. அங்கே காட்டிற் பூச்சி தன் சுரப்பால் இசைக்கு இடம் செய்கின்றது. உலகின் அரக்கிற் பெரும்பகுதி இந்தியாவினின்றே சென்றமையால், லண்டனிலும் நியூயார்க்கிலும் சுழன்ற தட்டுகளிலும் நம் நாட்டுக் காட்டுப்பொருள் கலந்திருந்தது. 1942ஆம் ஆண்டிற் போரினால் அரக்கு வரவு தடைப்பட்டபோது அமெரிக்க அரசாங்கம் இசைத்தட்டுக்கு அதனைச் செலவிடுவதைப் பெரிதும் குறைத்துவிட்டது. பழைய தட்டுகளைச் சேர்த்து உருக்கி மீண்டும் பயன்படுத்தினர். அங்ஙனம் உருகிப்போன பாட்டுகள் எத்தனையோ!

பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசைக்கே இடமுண்டு. இதுவே முதல் தளை. முத்துக் குளிப்போன் கல்லைக் காலிற் கோத்துக் கடலடிக்கு இறங்கினால், மூச்சடக்கி நிற்கக்கூடியது ஏறக்குறைய ஒரு நிமிடம். அந்நேரத்தில் அவன் வேடிக்கை பாரான். கைக்கு எட்டிய சிப்பியை வாரிக் கூடையில் இட்டு, கயிற்றை அசைப்பான். நடனப் பாண்டின் தலைவனும் அத்தகையனே. மூன்று நிமிடத்துள் முன்னிசை, பாட்டின் மெட்டு, பாடகன் குரல், டிரம்பெட்டோ கிளாரினெட்டோ தனித்து வாசிக்கும் சிறு பகுதி, முடிவில் அனைவரும் கூடி எழுப்பும் முழக்கம் என யாவும் அடங்கல் வேண்டும். வீணுக்கு ஒரு சுரமும் இல்லை. மெட்டின் அமைப்பும் பெரும்பாலும் ஒரு கட்டளைக்கு உட்பட்டதே. எட்டெட்டு அளவாக நான்கு பகுதி. முதலிரண்டும் ஒரே மெட்டு. மூன்றாவது வேறு திசையிற் செல்லும். நான்காவது முதலுக்கே மீளும். அனுபல்லவி கேட்டபின் பல்லவிக்கு மீளுங்கால் நமக்கு உண்டாகும் நிறைவு யாது? அதுவே இதிலும் உண்டாகின்றது. எனவே, கேட்போனுக்கு அந்நாட்டு இசையிலக்கணம் தெரிந்திருக்க வேண்டுவதில்லை.

இத்தளை நம் தமிழிசைக்கும் நேர்ந்ததொன்று. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டுகளை எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் மேடையில் விடிய விடியப் பாடிக் கூட்டத்தை மயக்கினர். ஒரு பாட்டையே நெடுநேரம் விரித்துப் பாடுதல் மேடையின் வழக்கம். தட்டிலோ மூன்று நிமிடம். கிட்டப்பா 1933ஆம் ஆண்டு தம் இருபத்தேழாம் வயதிற் காலமானார். இன்று நமக்குக் கிடைப்பது அம்மூன்று நிமிடங்களே. குறுக்கத்தால் அவர் இசை குன்றிற்றென்று எவரும் சொல்லார்.

இரண்டாவது தளை, திருத்த இயலாமை. அக்காலத்தில் மெழுகுத் தட்டின்மேல் நேரே கீறிப் பதிவு செய்தனர். ஒருவன் பிழைத்தால் எல்லாரும் மீண்டும் தொடக்கத்திலிருந்து வாசித்தல் வேண்டும். வாசித்ததை உடனே போட்டுக் கேட்கலாமென்றால், ஊசி பட்டு மெழுகின் கீற்று கெடும், அச்செடுக்க உதவாது. இக்காலத்தில் ஒருவர் பாடியதை இன்று பதிந்து, தாளத்தை நாளை சேர்த்து, பிழைத்த ஓரெழுத்தை மட்டும் மாற்றிவிடுகின்றனர். பழைய தட்டிற் கேட்பது பத்துப் பன்னிருவர் ஓர் அறையில், ஒரே வேளையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்த மூன்று நிமிடம். அவ்வறையின் காற்றே தட்டிற் பதிந்திருக்கின்றதோ என்று நாம் ஐயுறுவதுண்டு.

1925ஆம் ஆண்டுக்கு முன்னர், பெரிய ஊதுகுழலின் வாயருகே நின்று உரக்கப் பாடுதலும் ஊதுதலும் வேண்டும். பெரிய முழவின் அதிர்ச்சி கீறும் ஊசியைத் துள்ளச் செய்யுமாதலின் அதனை விலக்கினர். தந்திகளையுடைய பெரும் பேஸ் வாத்தியம் சரிவரப் பதியாமையின் அதற்கீடாகத் தூபாவை ஊதினர். 1925ஆம் ஆண்டில் ஒலிவாங்கி வந்தது. அதுமுதற் பாடகன் கத்த வேண்டுவதில்லை. காதருகே பேசுவதுபோற் பாடலாம். இப்புதிய வழியில் மிக்க புகழ் எய்தியவருள் ஒருவர் ஆல் பௌலி.

இவர் வரலாறு நம்மவர் அறியத்தக்கது. போர்ச்சுகீசியர் ஆண்ட லோரென்சோ மார்க்கசிற் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து, முடிதிருத்தும் தொழில் செய்தவர். பாஞ்சோவைக் கையிற்கொண்டு பாண்டு ஒன்றுடன் கிழக்கே புறப்பட்டு, 1926ஆம் ஆண்டிற் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் ஜிம்மி லெக்கீமின் குழுவில் இருந்தார். அக்குழு அவ்வாண்டு கல்கத்தாவிலேயே இசைத்தட்டு ஒன்றும் வெளியிட்டது. பின்னர் லண்டன் சென்று, ரே நோபிள் நடத்திய குழுவுடன் பாடி உலகறிந்தவரானார். அந்தக் குழு பெரும்பாலும் ஒலிப்பதிவுக்கென்றே சேர்ந்தது. நண்பர் இல்லத்தில் நாம் கேட்டது 1934ஆம் ஆண்டில் இவ்விருவரும் சேர்ந்து செய்த 'தி வெரி தாட் ஆஃப் யூ' என்னும் தட்டேயாம். பௌலி 1941ஆம் ஆண்டு ஏப்பிரல் 17ஆம் நாள், லண்டனின்மீது விழுந்த செருமானியக் குண்டால் இறந்தார். அவர் 1934ஆம் ஆண்டிற் பாடிய இன்னொரு பாட்டை 1980ஆம் ஆண்டில் 'தி ஷைனிங்' என்னும் அச்சமூட்டும் திரைப்படத்தின் இறுதியிற் சேர்த்தனர். இன்பத்துக்கெனப் பாடிய பாட்டு அங்கே மயிர்க்கூச்செறியச் செய்கின்றது. பாடியவர் இல்லை, குரல் மட்டும் உளது என்ற உணர்வு அத்தட்டுகளில் எப்பொழுதும் மறைந்து நிற்பதே அதற்குக் காரணம் போலும்.

இனி நம் நாட்டிற் பதிவான தட்டுகளைப் பற்றிச் சிறிது. 1935ஆம் ஆண்டின் இறுதியில் லியோன் ஆபி என்னும் கறுப்பு அமெரிக்கர் தம் குழுவுடன் பம்பாய்த் தாஜ் மகால் ஹோட்டலுக்கு வந்தார். அடுத்து வந்தவர் கிரிக்கெட் ஸ்மித். (பந்தாட்டத்துக்கும் இவருக்கும் தொடர்பில்லை, டிரம்பெட் ஊதுபவர்.) 1936ஆம் ஆண்டில் அவர் குழு பம்பாயிற் பதிந்த 'தாஜ் மகால்' என்னும் ஃபாக்ஸ்டிராட்டின் பெயரையே நரேஷ் பெர்னாண்டஸ் என்பார் பம்பாயின் ஜாஸ் வரலாற்றை உரைக்கும் தம் நூலுக்குச் சூட்டினார். அக்குழுவிற் பியானோ வாசித்தவர் டெடி வெதர்ஃபோர்டு. சிகாகோவிற் பெயர்பெற்று, 1926ஆம் ஆண்டிற் கீழ்த்திசை புறப்பட்டு, ஷாங்காயில் நெடுநாள் இருந்தவர். ஸ்மித்தின் குழு இலங்கையில் இருந்தபோது அதன் தலைமை இவர்பால் வந்தது. அப்பாற் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் அமர்ந்தார். நிறம் பற்றித் தம் நாட்டிற் கதவடைக்கப்பெற்ற இக்கலைஞர்கள் இங்கே தலைவர்களாக இருந்தனர்.

போர்க்காலத்திற் கொலம்பியா நிறுவனத்துக்காகக் கல்கத்தாவில் வெதர்ஃபோர்டு பல தட்டுகள் பதிந்தார். அமெரிக்காவில் இசைவாணர் சங்கம் 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பதிவை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. சப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது தப்பி வந்த ரூபன் சாலமன் போன்றோரும் அவருடன் வாசித்தனர். அத்தட்டுகளைக் கேட்கும்போது ஒன்றை மறத்தல் இயலாது. 1943ஆம் ஆண்டில் வங்காளம் பஞ்சத்திற் சிக்கியது. ஹோட்டலினுள்ளே வீரர்கள் நடனமாட, வெளியே சௌரங்கி வீதியிற் பசித்தோர் வீழ்ந்து மடிந்தனர். இசைமீது குற்றம் சுமத்துவது நம் நோக்கமன்று. ஆயினும், 'கவலையற்ற பொற்காலத்து இசை' என்று இதனைப் புகழ்வோரோடு நாம் உடன்படுதற்கில்லை. வெதர்ஃபோர்டும் 1945ஆம் ஆண்டு ஏப்பிரலில் அந்நகரிலேயே வாந்திபேதியால் மாண்டார்.

தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளிற் குழுத்தலைவர் பெயர் இருக்கும். பாட்டின் பெயர் இருக்கும். பின்வரிசையில் அமர்ந்து வாசித்தோர் பெயர் இராது. இந்தியாவில் அவருட் பலர் கோவாவினர். மாதா கோயிற் பள்ளிகளிற் சிறுவயதிலேயே சுரக்குறிப்புப் படிக்கக் கற்றவர். நம் முத்துக்குளித்துறைக்கும் கோவாவுக்கும் போர்ச்சுகீசியர் வந்த வழி ஒன்றே. நம் ஊர்த் திருவிழாக்களிற் சப்பரத்துக்கு முன்னே முழங்கும் பாண்டு வாத்தியத்துக்கும் அவர்தம் இசைக்கும் உறவு கூறலாம். அக்கோவாவினருள் பெயர் நிலைத்த ஒருவர் டிரம்பெட் வல்ல அந்தோனியோ சேவியர் வாஸ். 'சிக் சாக்லேட்' என்றாலன்றி எவர்க்கும் விளங்காது. விடுதலைக்குப்பின் ஆங்கிலேயர் சென்றனர், மதுவிலக்கு வந்தது, நடனக்கூடங்கள் ஒளி மங்கின. பாண்டு வாசித்தோர் திரைப்பட இசைக்குழுக்களிற் புகுந்தனர். 1951ஆம் ஆண்டில் சி. ராமச்சந்திரா இசையமைத்த 'அல்பேலா'வில் வாஸும் அவர் தோழரும் திரையிலேயே தோன்றி ஊதுகின்றனர். அப்படம் 'நல்ல பிள்ளை' என்ற பெயரில் தமிழ் பேசியும் வந்தது. ராமச்சந்திரா முதன்முதல் இசையமைத்ததும் 'ஜயக்கொடி' என்னும் தமிழ்ப் படத்துக்கே. ஆதலின், நம் பாட்டியர் முணுமுணுத்த சினிமா மெட்டுகள் சிலவற்றில் இந்நடனப் பாண்டின் துடிப்பு கலந்திருப்பதில் வியப்பில்லை. முன்பு இக்கரையிற் கேட்காத பொருளன்று அது. எதிர்க்கரையினின்று இலங்கை வானொலி காற்றில் அனுப்பிய இசைத்தட்டுகளைக் கேட்டே நம் ஊரில் ஒரு தலைமுறை வளர்ந்தது.

பேர்த்தி மீண்டும் கேட்ட காரணம் இப்பொழுது விளங்கலாம். காலடிக்கு அளவாகச் செய்த இசையாதலின் அதன் தாளம் தளர்வதில்லை. காதருகே பாடிய குரலாதலின் அயன்மை தோன்றுவதில்லை. மூன்றே நிமிடமாதலின் முடிந்ததும் இன்னும் வேண்டுமென்று தோன்றுகின்றது.

இப்பாட்டுகளுட் பல இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் பதிந்தவை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் சிறு தொகையாக வெளிவந்த தட்டு உடைந்தால் மறுபடி கிடைப்பது அரிது. வீட்டிற் பழைய தட்டு வைத்திருக்கும் அன்பர்க்கு இரண்டொரு சொல்: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கற்க, நூல்களைப்போல் நிறுத்தி வைக்க. வெயிலில் விட்டால் வளைந்துவிடும். நம் கடற்காற்றின் ஈரத்திற் பூசணம் பிடிக்கும். மெல்லிய துணியை நீரில் நனைத்துத் துடைத்தாற் போதும், நடுத்தாள் நனையலாகாது. சாராயம் கலந்த மருந்து எதனாலும் துடைத்தல் கூடாது. அரக்கு அதிற் கரையும். ஓர் ஊசியைப் பல பக்கங்களுக்கு ஓட்டினால் தட்டின் கீற்றுத் தேய்ந்துவிடும்.

அன்று மாலை பெரியவர் பேர்த்தியின் வேண்டுகோளுக்கு இணங்கினார். ஆனால் அதே ஊசியை வைக்கவில்லை. தகர டப்பியைத் திறந்து, வேறோர் ஊசியைத் தேடியெடுத்துப் பொருத்திய பின்னரே சாவியை முறுக்கினார்.